பழம் உணவு, சாறு மருந்து

நோயாளியைப் பார்க்க மருத்துவமனைக்கு வருகிறவர் வெறுங்கையோடு வருவது நம் வழக்கமன்று. வாயிலருகே உள்ள பழக்கடையில் ஒரு கிலோ சாத்துக்குடியும் நான்கு ஆப்பிளும் வாங்கிக்கொண்டு வருவார். பக்கத்துக் கடையில் பிழிந்த சாற்றைப் புட்டியில் நிரப்பிக்கொண்டு வருவாரும் உண்டு. படுக்கையில் இருப்பவர் "வேண்டாம்" என்றாலும் விடமாட்டார்கள். "சோறுதான் இறங்கவில்லை, ஜூஸாவது குடியுங்கள்" என்று உறவினர் ஊட்டும் காட்சியை எந்த வார்டிலும் காணலாம். அந்த அன்பை நான் குறை கூறவில்லை. அந்த அன்பு எந்த வடிவில் உடலுக்குள் செல்கிறது என்பதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

இதற்கு நேர்மாறான இன்னொரு காட்சி வெளிநோயாளர் பிரிவில் அன்றாடம் நிகழ்கிறது. நீரிழிவு உறுதிசெய்யப்பட்ட நாளிலிருந்து வாழைப்பழத்தையும் மாம்பழத்தையும் தொடவே இல்லை என்று நோயாளி பெருமையோடு சொல்வார். "அப்பாவுக்கு நாங்கள் பழமே கொடுப்பதில்லை" என்று மகளும் ஆமோதிப்பார். சற்று விரிவாகக் கேட்டால், காலையில் ஒரு தம்ளர் சர்க்கரை சேர்க்காத சாத்துக்குடிச் சாறு, வெயில் நேரத்தில் ஒரு தம்ளர் தர்பூசணிச் சாறு என்று கணக்கு வெளிவரும். சர்க்கரை போடவில்லை, ஆகவே தீங்கில்லை என்பது அவர்களுடைய எண்ணம். உண்ண வேண்டிய பழத்தை விலக்கிவிட்டு, விலக்க வேண்டிய சாற்றை அவர்கள் நாள்தோறும் அருந்திக்கொண்டிருக்கிறார்கள்.

இவ்விரு காட்சிகளுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கைதான். பழத்தின் சத்தெல்லாம் சாற்றில் இருக்கிறது, எஞ்சுவது வெறும் சக்கை என்பதே அது. நம் மொழியிலும் இந்த எண்ணம் ஊறிக் கிடக்கிறது. ஒரு பேச்சில் கொள்ளத்தக்கதைச் சாரம் என்கிறோம். பயனற்றதைச் சக்கை என்று தள்ளுகிறோம். பழத்தைப் பொறுத்தவரை இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கருத்து. பழம் அன்றாட உணவாக இருக்கட்டும். சாற்றை, அளவும் நேரமும் காரணமும் குறிக்கப்பட்ட மருந்தாக மட்டும் வைத்துக்கொள்வோம்.

பழத்தினுள் சர்க்கரை இருக்கும் இடம்

பழத்தின் சதை கோடிக்கணக்கான செல்களால் ஆனது. சர்க்கரை கரைந்த நீர் அந்தச் செல்களின் உள்ளே அடைபட்டிருக்கிறது. ஒவ்வொரு செல்லையும் சூழ்ந்து ஒரு சுவர் உண்டு. செல்லுலோஸ், பெக்டின் போன்ற பொருள்களால் ஆன அந்தச் சுவரைத்தான் நாம் நார்ச்சத்து என்று அழைக்கிறோம். அதைச் செரிக்கும் நொதி மனிதக் குடலில் சுரப்பதில்லை.

ஒரு கொய்யாவைக் கடித்து மெல்லும்போது அந்தச் சுவர்களில் ஒரு பகுதி உடைகிறது. இன்னொரு பகுதி உடையாமலேயே இரைப்பையை அடைகிறது. இரைப்பை திட உணவை உடனே கீழே அனுப்பிவிடுவதில்லை. ஓரிரு மில்லிமீட்டர் அளவுள்ள துகள்களாக அரைத்த பிறகே சிறுகுடலுக்குச் சிறிது சிறிதாக வெளிவிடுகிறது. பெக்டின் நீரோடு சேர்ந்து குழகுழப்பாக மாறுவதால் சர்க்கரை குடற்சுவரை அடைவது மேலும் தாமதமாகிறது. ஒரு பழத்தின் சர்க்கரை இவ்வாறு நிதானமாக, தவணை முறையில் இரத்தத்திற்கு வந்து சேர்கிறது.

சாறு பிழியும்போது இந்த ஏற்பாடு முழுவதும் கலைந்துபோகிறது. சுவர்கள் உடைந்து, சர்க்கரை நீரில் கரைந்து, வடிகட்டியின் கீழே வந்துவிடுகிறது. சுவர்களோ சக்கையாகக் குப்பைத் தொட்டிக்குப் போகின்றன. திரவத்தை அரைக்க வேண்டிய வேலை இரைப்பைக்கு இல்லை. ஆகவே அது விரைவில் சிறுகுடலை அடைகிறது. அங்கு சர்க்கரை உறிஞ்சப்படுவதற்குத் தடை ஏதும் இல்லை.

இதனுடன் அளவும் சேர்ந்துகொள்கிறது. ஒரு தம்ளர் நிறையச் சாறு பிழிய மூன்று அல்லது நான்கு சாத்துக்குடி தேவைப்படும். நான்கு சாத்துக்குடியை உரித்து, சுளை சுளையாக மென்று ஒரே அமர்வில் உண்பவர் அரிது. இரண்டு முடிவதற்குள் வயிறு போதும் என்று சொல்லிவிடும். சாற்றையோ இரண்டு நிமிடத்தில் குடித்துவிடலாம். சர்க்கரை சேர்க்காத 250 மில்லி ஆரஞ்சுச் சாற்றில் ஏறத்தாழ 20 கிராம் சர்க்கரை இருக்கிறது. தேக்கரண்டியால் அளந்தால் நான்கு அல்லது ஐந்து கரண்டி. கடையில் வழக்கமாகப் போடும் இரண்டு மூன்று கரண்டிச் சர்க்கரையையும் சேர்த்தால் கணக்கு இன்னும் உயரும்.

ஒரே ஆப்பிள், மூன்று வடிவங்கள்

இது வெறும் ஊகமன்று. 1977ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. அளவில் சிறியதானாலும் இன்றளவும் எடுத்துக்காட்டப்படும் ஆய்வு அது. நலமுடன் இருந்த பத்துப் பேருக்கு ஆப்பிளை மூன்று வடிவங்களில் வெவ்வேறு வேளைகளில் கொடுத்தார்கள். ஒன்று முழு ஆப்பிள். இன்னொன்று அரைத்த கூழ். மற்றொன்று நார் நீக்கிய சாறு. மூன்றிலும் மாவுச்சத்தின் அளவு ஒன்றே, 60 கிராம்.

முழு ஆப்பிளை உண்ணத் தேவைப்பட்ட நேரத்தில் பதினொன்றில் ஒரு பங்கு நேரமே சாற்றைக் குடிக்கப் போதுமானதாக இருந்தது. உட்கொள்ளும் வேகத்தைச் சமமாக்கிப் பார்த்தபோதும், சாற்றைவிடக் கூழும், கூழைவிட முழுப் பழமும் அதிக நிறைவைத் தந்தன. இரத்தச் சர்க்கரை மூன்றிலும் ஏறக்குறைய ஒரே உயரத்திற்கே ஏறியது. வேறுபாடு அதற்குப் பிறகு தெரிந்தது. சாறு குடித்தவர்களுக்கு ஏறிய சர்க்கரை, தொடங்கிய நிலைக்கும் கீழே சரிந்தது. கூழுக்கு அந்தச் சரிவு குறைவாக இருந்தது. முழுப் பழத்திற்கு அத்தகைய சரிவு காணப்படவில்லை. இரத்தத்தில் இன்சுலினின் அளவு முழுப் பழத்தைவிடச் சாற்றுக்கும் கூழுக்கும் அதிகமாக உயர்ந்தது.

இந்த முடிவுகளைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். சாறு குடித்தவுடன் எல்லாருக்கும் சர்க்கரை வானளாவ ஏறிவிடும் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. நலமான உடல், கூடுதல் இன்சுலினைச் சுரந்து ஏற்றத்தைக் கட்டுப்படுத்திவிடுகிறது. அதற்காகக் கணையம் அதிகம் உழைக்க நேர்கிறது. பின்னர் வரும் சரிவு மீண்டும் பசியைத் தூண்டக்கூடும். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவரின் கணையத்தால் அந்த விரைவான முதற்கட்ட இன்சுலினைத் தர இயலாது. நலமானவரின் உடல் ஈடுகட்டிக்கொள்ளும் வேகத்தை அவருடைய உடலால் ஈடுகட்ட முடிவதில்லை. ஆகவே அதே ஒரு தம்ளர் சாறு, பார்க்க வந்தவருக்கு ஒரு விதமாகவும், படுக்கையில் இருப்பவருக்கு வேறு விதமாகவும் வேலை செய்கிறது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் செய்யப்பட்டு 2009இல் வெளிவந்த ஆய்வு வேறொரு கேள்விக்கு விடை தேடியது. மதிய உணவுக்குச் சற்று முன்னர் 58 பேருக்கு ஆப்பிளை வெவ்வேறு வடிவங்களில் கொடுத்து, அதன் பிறகு அவர்கள் எவ்வளவு உண்கிறார்கள் என்று அளந்தார்கள். முழு ஆப்பிள் உண்டவர்கள், அந்த ஆப்பிளின் கலோரியையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், எதுவும் உண்ணாமல் உணவுக்கு அமர்ந்த நாளைவிட 15 விழுக்காடு குறைவாகவே உண்டார்கள். சாற்றுக்கு அந்த ஆற்றல் இல்லை. சாற்றில் நார்ச்சத்தைத் திரும்பக் கலந்து கொடுத்தும் நிறைவு கூடவில்லை. நார் இருக்கிறதா இல்லையா என்பதைவிட, அது பழத்தின் கட்டமைப்பாக இருக்கிறதா என்பதே முக்கியம் என இதிலிருந்து அறிகிறோம். சாறு குடித்துவிட்டு மேலே ஒரு கரண்டி நார்த்தூள் கரைத்துக் குடிப்பது பழம் உண்டதற்கு ஈடாகாது.

கருவி காட்டாத சர்க்கரை

"குடித்த பிறகு விரலில் குத்திப் பார்த்தேன் டாக்டர், அவ்வளவாக ஏறவில்லை" என்று சிலர் சொல்வதுண்டு. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வீட்டிலுள்ள கருவி குளுக்கோஸை மட்டுமே அளக்கிறது. பழச் சர்க்கரை என்பது குளுக்கோஸ், பிரக்டோஸ், இவ்விரண்டும் இணைந்த சுக்ரோஸ் ஆகியவற்றின் கலவை. இவற்றில் பிரக்டோஸ் அந்தக் கருவியின் கண்ணில் படுவதே இல்லை.

பிரக்டோஸ் குடற்சுவரைக் கடப்பதற்குத் தனி வாயில் உண்டு. சிறிய அளவில், மெதுவாக வரும் பிரக்டோஸின் பெரும்பகுதியைச் சிறுகுடலே வேறு பொருள்களாக மாற்றிவிடுகிறது என்று எலிகளில் செய்து 2018இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று காட்டியது. அளவு மிகும்போது சிறுகுடலால் சமாளிக்க இயலாமல் எஞ்சியது கல்லீரலுக்கு வழிந்து செல்கிறது. கல்லீரலுக்கு மிகுதியாகவும் அடிக்கடியும் வரும் பிரக்டோஸ் கொழுப்பாக மாற்றப்படுகிறது. கல்லீரல் கொழுப்பு என்ற சொல் இன்று ஸ்கேன் அறிக்கைகளில் எவ்வளவு சாதாரணமாகிவிட்டது என்பதை வாசகர்களே அறிவீர்கள். அதற்குப் பழம் காரணமன்று. இனிப்பூட்டிய பானங்கள், உடலுழைப்புக் குறைவு, மிகை எடை எனக் காரணங்கள் பல. அந்தப் பானங்களின் வரிசையில் பழச்சாற்றையும் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

உலக சுகாதார நிறுவனமும் அவ்வாறே வைத்துப் பார்க்கிறது. 2015இல் அது வெளியிட்ட வழிகாட்டுதலில், தேன், பாகு, பழச்சாறு ஆகியவற்றில் இயற்கையாக உள்ள சர்க்கரையும் நாம் கரண்டியால் போடும் சர்க்கரையும் ஒரே பிரிவில் சேர்க்கப்பட்டுள்ளன. முழுப் பழத்திலுள்ள சர்க்கரை அந்தப் பிரிவில் இல்லை. அந்தப் பிரிவுச் சர்க்கரையிலிருந்து கிடைக்கும் கலோரி, நாள் முழுவதற்குமான கலோரியில் பத்து விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்க வேண்டும். ஐந்து விழுக்காட்டுக்கும் குறைந்தால் மேலும் நன்று. ஐந்து விழுக்காடு என்பது ஏறத்தாழ 25 கிராம். ஒரு பெரிய தம்ளர் சாறே அந்த அளவை எட்டிவிடும்.

நெடுங்காலக் கணக்கும் இதையே சுட்டுகிறது. அமெரிக்காவில் செவிலியர் முதலிய சுகாதாரப் பணியாளர்கள் 1,87,000க்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த மூன்று ஆய்வுகளின் முடிவுகள் 2013இல் வெளிவந்தன. முழுப் பழங்களை, குறிப்பாக அவுரிநெல்லி, திராட்சை, ஆப்பிள் ஆகியவற்றை அதிகம் உண்டவர்களிடையே இரண்டாம் வகை நீரிழிவு குறைவாகக் காணப்பட்டது. பழச்சாறு அதிகம் குடித்தவர்களிடையே அது கூடுதலாகக் காணப்பட்டது. இத்தகைய கவனிப்பு ஆய்வுகள் காரணத்தை உறுதியாக நிறுவிவிடுவதில்லை. பழம் உண்பவரின் பிற பழக்கங்களும் நல்லனவாக இருந்திருக்கலாம். ஆயினும் உடலியங்கியல் சொல்வதும் இந்தக் கணக்கும் ஒரே திசையில் செல்லும்போது அதைப் புறக்கணிக்க இயலாது.

இந்தியாவில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டுள்ளது. அதற்கு முந்தைய நிலையில் இருப்பவர்கள் இன்னும் அதிகம். ஆகவே ஒரு வார்டில் நாம் நீட்டும் சாற்றுத் தம்ளர், நீரிழிவு உள்ளவரிடமோ அதன் வாயிலில் நிற்பவரிடமோ சென்று சேரும் வாய்ப்பு பெரிது.

கூழும் உலர்பழமும் பழுத்த பழமும்

சாறும் முழுப் பழமும் இரு முனைகள். இடையில் வேறு வடிவங்களும் உள்ளன.

மிக்சியில் அரைத்து, வடிகட்டாமல் உண்ணும் பழக்கூழை வடிகட்டிய சாற்றோடு ஒன்றாக எண்ண வேண்டியதில்லை. நார் அதிலேயே இருக்கிறது. சிறுவிதைகள் நிறைந்த பழங்களை விதையோடு அரைத்துக் கொடுத்த சில சிறிய ஆய்வுகளில், முழுப் பழத்தைவிட இரத்தச் சர்க்கரை அதிகம் ஏறவில்லை. எனவே அரைப்பது மட்டுமே குற்றமன்று. வடிகட்டுவதும், பல பழங்களை ஒரே தம்ளரில் அடக்குவதும், மேலே பாலும் சர்க்கரையும் ஐஸ்கிரீமும் சேர்ப்பதும்தான் அதை மாற்றிவிடுகின்றன. பல் இல்லாத முதியவருக்கு ஒரு பழத்தை மசித்து, கரண்டியால் மெதுவாக ஊட்டுவதில் தடை ஏதும் இல்லை.

உலர்பழத்தில் நார் இருக்கிறது. நீர் மட்டும் போய்விட்டது. நூறு கிராம் திராட்சையில் ஏறத்தாழ 16 கிராம் சர்க்கரை என்றால், நூறு கிராம் உலர்திராட்சையில் 60 கிராமைத் தொடும். பேரீச்சையும் அவ்வாறே. அவற்றை எண்ணி உண்ண வேண்டும். அள்ளி உண்ணக் கூடாது.

பழத்தின் பக்குவமும் ஒரு வடிவம்தான். வாழைக்காயில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. அதில் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காமலேயே பெருங்குடலுக்குச் செல்லும். காய் பழுக்கப் பழுக்க அந்த மாவு சர்க்கரையாக மாறுகிறது. தோலில் கரும்புள்ளி விழுந்து குழைந்த பழத்தைவிட, அளவாகப் பழுத்து உறுதியாக உள்ள சிறிய பழம் நீரிழிவு உள்ளவருக்கு ஏற்றது. கொய்யாவை நம் மக்கள் செங்காயாக வாங்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக் கடித்து உண்பதில் இந்த வகையில் நன்மை உண்டு. நூறு கிராம் கொய்யாவில் ஐந்து கிராமுக்கு மேல் நார்ச்சத்து இருக்கிறது. விலையும் ஆப்பிளைவிடக் குறைவு. உப்பைக் குறைக்க வேண்டிய இரத்தக் கொதிப்பு நோயாளிகள் மிளகாய்த்தூளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எழக்கூடிய கேள்விகள்

'வீட்டில் பிழிந்தது, சர்க்கரை சேர்க்காதது, இயற்கையானது' என்ற வாதத்திற்கு மேலே விடை சொல்லியாயிற்று. பிழிந்த கை யாருடையது என்பதை உடல் கேட்பதில்லை. அட்டைப்பெட்டிகளில் வரும் சாறுகளின் முகப்பில் இருந்த 'நூறு விழுக்காடு பழச்சாறு' என்ற வாசகத்தை நீக்குமாறு இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2024 ஜூன் மாதம் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. அவற்றுள் பல, செறிவூட்டிய சாற்றில் நீர் கலந்து தயாரிக்கப்படுபவை. பெட்டியின் பின்புறம் சிறிய எழுத்தில் உள்ள சர்க்கரை அளவைப் படித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

'சாறு வேண்டாம் என்றால் வைட்டமின் சி எப்படிக் கிடைக்கும்' என்று கேட்கலாம். ஒரு கொய்யாவோ ஒரு நெல்லிக்கனியோ ஒரு நாள் தேவைக்குப் போதும். 'வாய்க்குச் சுவையாக வேறெதுவும் இறங்கவில்லையே' என்பது உண்மையான துயரம். காய்ச்சலிலும் புற்றுநோய்ச் சிகிச்சையிலும் நாக்கு உணவை மறுக்கும். எடை இழந்து தளர்ந்தவருக்கு எந்தக் கலோரியும் வீணன்று. அவருக்கு நான் இங்கு சொல்லும் கட்டுப்பாடு பொருந்தாது. அவருக்கு எது, எவ்வளவு என்பதை உணவியல் நிபுணர் முடிவு செய்வார். நான் பேசுவது, உண்ண இயன்றவருக்கும் பழத்திற்குப் பதிலாகச் சாற்றையே கொடுக்கும் பொதுவான பழக்கத்தைப் பற்றி.

சாறு மருந்தாகும் வேளை

சாற்றின் குறை எதுவோ அதுவே சில வேளைகளில் அதன் சிறப்பு. இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவருக்கு இரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் ஏற்படும். அப்போது வேகமே உயிர் காக்கும். 15 கிராம் அளவுள்ள விரைவுச் சர்க்கரை தேவை. அரைத் தம்ளருக்குச் சற்று மேல், அதாவது ஏறத்தாழ 150 மில்லி பழச்சாறு அதைத் தரும். பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். இன்னும் 70ஐ எட்டவில்லை என்றால் அதே அளவை மீண்டும் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் ஆப்பிளைக் கடித்துக்கொண்டிருப்பது தவறு. நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும்.

அகார்போஸ், வோக்லிபோஸ் ஆகிய மாத்திரைகளை உட்கொள்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். இம்மருந்துகள் சுக்ரோஸ் உடைவதைத் தடுக்கின்றன. ஆகவே தாழ்சர்க்கரை நிலையில் வீட்டுச் சர்க்கரையும் சாறும் எதிர்பார்த்த வேகத்தில் உதவாமல் போகலாம். அவர்கள் கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பொடியைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

அறுவைச் சிகிச்சைக்கு முன் இரண்டு மணி நேரம் வரை, சக்கையற்ற தெளிந்த சாற்றை மயக்கவியல் மருத்துவர் சிலருக்கு அனுமதிப்பதுண்டு. திட உணவுக்கு அந்த அனுமதி கிடையாது. சாறு இரைப்பையை எவ்வளவு விரைவாகக் கடந்துவிடுகிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

இனிச் செய்யக்கூடியவை

நீரிழிவு உள்ளவர்களே, பழத்தை அஞ்சி ஒதுக்காதீர்கள். நாளொன்றுக்கு நூறு கிராம் பழம் என்பது நம் நாட்டின் உணவு வழிகாட்டுதல் பொதுவாகச் சொல்லும் அளவு. ஒரு நடுத்தரக் கொய்யா, ஒரு சிறிய ஆப்பிள், ஒரு சாத்துக்குடி, இரண்டு மூன்று பலாச்சுளை என்று ஒரு வேளைக்கு ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். மாம்பழக் காலத்தில் அரைப் பழம் உண்ணலாம். வயிறு நிறையச் சோறு உண்டபின் அதன் மேல் பழத்தைச் சேர்ப்பதைவிட, இடைவேளைச் சிற்றுண்டியாகப் பிஸ்கட்டுக்கும் முறுக்குக்கும் பதிலாக உண்பது நல்லது. உண்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரையை அளந்து குறித்து வாருங்கள். எந்தப் பழம் உங்கள் உடலுக்கு எவ்வளவு ஒத்துவருகிறது என்பதை அந்தக் குறிப்பேடு எந்தப் பொது அட்டவணையையும்விடச் சரியாகச் சொல்லும். அதை அடுத்த முறை வரும்போது எடுத்து வாருங்கள்.

சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் பழமோ சாறோ இளநீரோ எதையும் மருத்துவரைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்களுக்குச் சர்க்கரையைவிடப் பொட்டாசியமே பெரிய ஆபத்து. சாற்றில் பல பழங்களின் பொட்டாசியம் ஒரே தம்ளரில் சேர்ந்துவிடுகிறது. வயிற்றுப்போக்கு உள்ள குழந்தைக்கு இனிப்பான சாறு கொடுத்தால் அது குடலுக்குள் நீரை இழுத்து நிலைமையை மோசமாக்கும். அப்போது ஓ.ஆர்.எஸ். கரைசலே ஏற்றது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பழச்சாறு தேவையே இல்லை. துணை உணவு தொடங்கிய பின் பழத்தை மசித்து ஊட்டுங்கள்.

நோயாளியைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழம் வாங்கி வாருங்கள். வாங்குமுன், "அவர் என்ன சாப்பிடலாம்?" என்று வீட்டாரிடமோ செவிலியரிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். சாறு பிழிந்து கொண்டுவருவதை விட்டுவிடுங்கள். நேரம் இருந்தால் அருகில் அமர்ந்து, கழுவிய கத்தியால் பழத்தை நறுக்கி, துண்டு துண்டாகக் கொடுங்கள். மெல்லுவதற்கு நேரம் ஆகும். அந்த நேரத்தில் நான்கு வார்த்தை பேசலாம்.

நம் மருத்துவமனை நிர்வாகத்திற்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். சிற்றுண்டியகத்தின் முகப்பில் இப்போது சாறுகள் வைக்கப்பட்டிருக்கும் இடத்தில் நறுக்கிய பழத்தை வைப்போம். சாறு கேட்பவருக்கு, சர்க்கரை சேர்க்காமல் 150 மில்லி அளவுள்ள சிறிய தம்ளரில் கொடுப்போம். அந்தத் தம்ளரில் எத்தனை கிராம் சர்க்கரை இருக்கிறது என்பதை விலைப்பலகையிலேயே எழுதி வைப்போம். நோயாளிகளின் உணவுத் தட்டிலும், மருத்துவர் குறிப்பிட்டவருக்கு மட்டும் சாறு என்பதை விதியாக்குவோம். இதற்குப் பெரிய செலவு ஏதும் இல்லை. அடுத்த மாத உணவுக் குழுக் கூட்டத்தில் இதை முன்வைக்க இருக்கிறேன். வாசகர்கள் தங்கள் கருத்தை வரவேற்பறையில் உள்ள ஆலோசனைப் பெட்டியில் எழுதிப் போட்டால் எனக்குத் துணையாக இருக்கும்.